லாரிமேல் ஏறிய வீடு

சக்கரம் வைத்த வீட்டுக்கு வாசல் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? மனையடி சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் யாராவது முன்னால் வாருங்கள். பேருந்து நிலையத்தில் நிற்கும்போது கிழக்கு, முதல் வளைவில் தெற்கு, அதற்கடுத்த பாலத்தில் மேற்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும் வாசலுக்கு எந்தப் பலனைச் சொல்வீர்கள்? சிரிக்க வேண்டாம். 1981 தை மாதம், உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் சாலையில் ஒரு கிராமத்தில், இந்தக் கேள்வி ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்தது.

அந்தப் பெண் பவளம். அந்த ஊர் சுகாதார நர்ஸ். அவருடைய கணவர் வேதகிரி. ஊராருடைய நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சியே முதுகு வளைந்த ஒரு காலனிக்காரருக்குப் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ராணுவத்துக்குப் போய், பதினாறு ஆண்டுகள் பனியிலும் மணலிலும் லாரிகளைப் பிரித்துப் பூட்டிவிட்டு வந்தவர். அங்கே நாலு மாநிலத்துக்காரர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவருக்கு, சொந்தத் தாலுகாவில் வாடகைக்கு ஒரு அறை கிடைக்கவில்லை.

கிடைத்தது, மூன்று மாதம். ராஜாராம் என்ற நிலக்காரர் தம் பின்கட்டைக் கொடுத்திருந்தார். பிறகு யாரோ விசாரித்துச் சொன்னார்கள். அவர் வந்து வாசலில் நின்றார்.

"நர்சம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. வூட்ல பொம்பளைங்க பேசறாங்க. தை முடியறதுக்குள்ள காலி பண்ணிக்குங்க."

"உங்க மருமவளுக்குப் பிரசவம் பாத்தப்ப கையைக் கழுவிக்கினு சீக்கிரம் வாம்மான்னு கூப்ட்டீங்க. இன்னா சாதின்னு அப்ப கேக்கலியே, பெரியவரே."

ராஜாராம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பவளம் இன்னும் நாலு வீடு கேட்டார். நாலு வீட்டிலும் அன்றைக்கென்று யாரோ சொந்தக்காரர்கள் வரவிருந்தார்கள். இதற்கிடையில் மேலிடத்துக் கடிதம் வேறு: பிப்ரவரி முதல் தேதிக்குள் நர்ஸ் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும், இல்லையேல் வேலை இல்லை.

"வூடு தரமாட்டாங்கன்னா நாம ஒரு வூட்டைக் கொண்டாந்து நிறுத்துவோம்" என்றார் வேதகிரி.

"இன்னா, தலைமேல தூக்கிக்கினு வருவியா?"

"லாரிமேல."

சொன்னவர் ஒரு வாரத்தில் ராணுவம் கழித்துவிட்ட மூன்று டன் லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து ஓட்டிக்கொண்டு வந்தார். பச்சை நிறம், முன்கூடு, இன்ஜின், பின்னால் வெறும் எலும்பாக நீண்ட சேசிஸ். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. வேதகிரியின் கைகள் துறுதுறுத்தன. பதினாறு ஆண்டுகள் அரசாங்கத்துக்குப் பூட்டிய வண்டிகள் போய், இதோ தமக்கென்று ஒன்று.

மாட்டுவண்டி செய்யும் தாமோதர ஆசாரியின் பட்டறை முற்றத்தில் வேலை தொடங்கியது. முற்றத்துக்கு வடக்கே சாலை, தெற்கே ஊர்ப் பொதுக்களம். லாரி சாலையைப் பார்த்து நின்றது. அதன் பின்னால் நான்கு பனந்துண்டு அடுக்குகளின் மேல், இடுப்புயரத்தில், மரச் சட்டமும் தகரமுமாக வீடு வளர்ந்தது. முடிந்ததும் லாரியைப் பின்னுக்கு ஓட்டி அடியில் நுழைத்து, வீட்டை அதன்மேல் இறக்குவது திட்டம்.

"நாலு மூலையிலயும் போல்ட் போட்டு இறுக்கிட்டா கல்லு மாதிரி நிக்கும்" என்றார் ஆசாரி.

"நின்னா நிக்கும். ஓடினா பொளந்துக்கும், ஆசாரி. ஒரு சக்கரம் மேட்ல ஏறினா சேசிஸ் ஈரத் துணி மாதிரி முறுக்கிக்கும். வூடு முறுக்கிக்குமா? பின்னாடி ரெண்டு பக்கமும் இறுக்கு. முன்னாடி ஸ்பிரிங் மேல ஒக்கார வை. சேசிஸ் ஆடட்டும், வூடு சும்மா கெடக்கட்டும்."

"மிலிட்டரி சொன்னா சரி" என்று ஆசாரி துளை போட்டார்.

ஸ்பிரிங் வாங்க வேதகிரி வாலாஜாபாத் போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது வீட்டுக்குக் கதவு வைத்தாகிவிட்டது. மஞ்சள், குங்குமம், மாவிலை எல்லாம் இருந்தன. கதவு கிழக்கே பார்த்திருந்தது. லாரியோ வடக்கே பார்த்து நின்றது. அப்படியென்றால் கதவு வலப்பக்கம், நடுரோட்டுப் பக்கம்.

வேதகிரி கைப்பையைக் கீழே போட்டார். "இன்னா ஆசாரி பண்ணிக்கீற? இடது கைப் பக்கம்னு சொல்லிட்டுத்தான போனேன்?"

"இடது கைப் பக்கம் மேற்கு வருது, நைனா. நாப்பது வருசமா எந்த வூட்டுக்கும் நான் மேற்கால நிலை வச்சதில்ல. உன் நல்லதுக்குத்தான்."

"எறங்கினா எதிர்ல வர்ற பஸ் அடிக்கும். அதுவா நல்லது? புதன்கெழம வண்டியைப் பாக்க வர்ற பிரேக் இன்ஸ்பெக்டர் அப்பிடியே திருப்பி அனுப்புவாரு. ஒண்ணாந்தேதிக்குள்ள எங்க குடியேறறது?"

திங்கட்கிழமை அது. கதவை எடுத்து மறுபக்கம் வைப்பதென்றால் சட்டத்தையே அறுக்க வேண்டும். நூல் பிடித்து அளக்கத் தெரிந்த, மரத்தின் ரேகையைத் தடவியே வயது சொல்லும் ஒரு மனிதரின் மூளையில், நகரும் பொருளுக்குத் திசை கிடையாது என்ற சின்ன உண்மையை நுழையவிடாமல் காவல் நிற்கிறதே, அந்தச் சாஸ்திரத்தை என்ன செய்வது? வேதகிரி பீடியைப் பற்றவைக்கவும் மறந்து உட்கார்ந்துவிட்டார்.

பவளம் தடுப்பூசிப் பெட்டியோடு வந்தார். இருவரும் சொன்னதைக் கேட்டார். வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"வூடு எதுக்குத் திரும்பணும்? லாரிக்குத்தான சக்கரம் கீது? அந்தாண்ட களத்துப் பக்கத்திலேர்ந்து பின்னால விடு. லாரி தெக்கால பாக்கும். கெழக்கு இடது கைக்கு வந்துடும்."

வேதகிரி எழுந்து நின்றார். ஒரு கணம் கைகளால் காற்றில் லாரியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு ஆசாரிக்கும் தொற்றிக்கொண்டது. முன்பக்கத் துளைகள் பின்பக்கம் போகும், அடுப்படி ஜன்னல் டிரைவர் முதுகைப் பார்க்கும். பரவாயில்லை, துளை புதிதாகப் போடலாம், ஜன்னலை அடைக்கலாம். அன்று பொழுது சாயும்வரை துளை போட்டார்கள்.

செவ்வாய் காலை லாரி ஊர்த்தெருவைச் சுற்றிக் களத்துக்கு வந்தது. அங்கே ராஜாராம் நின்றார். களம் முழுக்க அவருடைய கதிர்க்கட்டுகள்.

"இதுல வண்டி விடக்கூடாது."

"களம் பொறம்போக்குதானே" என்றார் வேதகிரி, இன்ஜினை நிறுத்தாமல்.

"இருக்கட்டும். எங்க தாத்தா காலத்திலேர்ந்து நாங்கதான் அடிக்கிறோம்."

"அடிக்கிறது நாங்க" என்று ஒரு குரல் வந்தது. கதிரடிக்கும் கூலிப் பெண்களின் தலைவி பாஞ்சாலி. இடுப்பில் கை வைத்திருந்தார். "நர்சம்மா வூடு ஏறாம இன்னைக்கு ஒரு கட்டும் பிரியாது. நீங்களே அடிச்சிக்கிறீங்களா?"

ராஜாராம் வானத்தைப் பார்த்தார். மேகம் இருந்தது. நனைந்த நெல்லுக்கு எந்த வம்சப் பெருமையும் விலை சொல்லாது. பதினான்கு பெண்கள் கட்டுகளைத் தூக்கி ஓரம் போட, லாரி செல்ல ஒரு வழி பிறந்தது.

வேதகிரி தலையை வெளியே நீட்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் விட்டார். "வா, வா, வா... ஒரு விரக்கட... நிறுத்து" என்று ஆசாரி கத்தினார். நான்கு ஜாக்கிகளைப் போட்டு வீட்டைத் தாங்கிக்கொண்டு, பனந்துண்டை ஒவ்வொன்றாக உருவி, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறக்கினார்கள். சேசிஸில் பதித்த தேக்குக் கட்டையின் மேல் வீட்டின் சட்டம் 'தொப்' என்று உட்கார்ந்தது. போல்ட் ஏறியது, ஸ்பிரிங் பூட்டியது.

வேதகிரி உள்ளே தரையில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, முன்சக்கரம் ஒன்றைக் களத்து வரப்பின்மேல் ஏற்றினார். அடியில் சேசிஸ் கோணி முனகியது. ஆசாரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சிந்தல" என்றார். "மிலிட்டரி, ஒரு சொட்டு சிந்தல."

புதன்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் இரண்டு முறை சுற்றி வந்து, ஏறி இறங்கி, கையெழுத்துப் போட்டார். பிப்ரவரி முதல் தேதி காலை, அந்தப் பொதுக்களத்தின் ஓரத்தில் பச்சை லாரி நின்றது. கதவு வடமேற்கைப் பார்த்திருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பவளம் பதிவேட்டில் முகவரி என்ற இடத்தில் லாரியின் எண்ணை எழுதினார். பார்வையிட வந்த அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். வீட்டுக்குச் சக்கரம் இருக்கக்கூடாது என்று அதில் எங்கேயும் போட்டிருக்கவில்லை. வேலை நிலைத்தது.

வேதகிரியின் திறமையைப் பாராட்டுங்கள், தடையில்லை. ஆனால் ஒரு மனிதர் குடியிருக்க ஒரு லாரியை ஏலம் எடுக்க வேண்டியிருந்தது என்பதை மறக்காதீர்கள். உங்கள் தெருவிலும் ஒரு வீடு காலியாக இருக்கும். நாளை ஒருவர் வந்து கேட்பார். அவர் பெயரைக் கேளுங்கள், வேலையைக் கேளுங்கள், அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கையில் கொடுங்கள்.