கேட்காமல் போட்ட கார்டு

1979-இல் புதுச்சேரி பாரதி வீதியின் ஒரு மாடியறையில் சக்கரபாணியின் மருந்துக் கம்பெனி நடந்துவந்தது. குடியை மறக்கடிக்கும் சூரணம்தான் அங்கே பெரிய சரக்கு. பெண்கள் எழுதி வரவழைத்து, கணவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடுவார்கள். விலாசம் எழுதிப் பார்சல் கட்டுவது வேம்புவின் வேலை. அப்பாவுக்கு மில் வேலை போனபின் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வருகிற கடிதங்களில் எல்லாம் ஒரே கெஞ்சல்: மேலே மருந்து பேர் போடாதீர்கள், யாருக்கும் தெரியக் கூடாது. அவளும் காக்கித்தாளில் சுற்றி, கம்பெனி முத்திரை இல்லாமல் அனுப்புவாள்.

வியாபாரம் படுத்திருந்த ஒரு மாசி மாதம் சக்கரபாணி முந்நூறு தபால் கார்டுகளை அச்சடித்துக்கொண்டு வந்தார். “சகோதரி, உங்கள் கணவரின் குடி நின்றதா? அடுத்த பொட்டலத்துக்கு இன்றே எழுதுங்கள்.”

“கார்டுன்னா யாரு வேணா படிப்பாங்களே சார். கவர்ல போட்டுடலாமே.”

“நம்மகிட்ட வாங்கினவங்கதானே? நாம எழுதாம வேற யாரு எழுதுவாங்க? உக்காந்து எழுதும்மா.”

வேம்பு விலாசங்களை எழுதினாள். ஒவ்வொரு பெயரிலும் மனசு இடறியது, கை நிற்கவில்லை. டவுன் கார்டுகள் செவ்வாய்க்கிழமை போயின. கிராமத்துக் கார்டுகளை வியாழன் மதியம் அவளே தலைமைத் தபால் நிலையத்தில் போட்டுவிட்டு வந்தாள்.

வந்து உட்காரக்கூட இல்லை, ஒரு பெண் படியேறி வந்தாள். முத்தியால்பேட்டை செல்வாம்பாள். இடது கையை முந்தானையில் சுற்றியிருந்தாள். வெளியே தெரிந்த விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன.

“இத எழுதுனது யாரு?” கார்டை நீட்டினாள்.

“நான்தாங்க.”

“அவரு நேத்து வேலைக்குப் போவல. போஸ்ட்மேன் அவரு கையிலயே குடுத்துட்டாரு. ‘எனக்கு விஷமா வெச்சே’ன்னு வெறகுக்கட்டைய எடுத்துட்டாரு.” மூச்சு வாங்கியது. “மருந்துதான கேட்டேன்? கடுதாசி போடுங்கன்னு கேட்டனா? அண்ணன் கீழ நிக்கிறாரு, ஆஸ்பத்திரிக்குப் போறோம். உங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போவலாம்னுதான் வந்தேன்.”

அவள் இறங்கிப் போனதும் வேம்பு மணியைப் பார்த்தாள். இரண்டரை. வெளியூர்த் தபால் நாலு மணிக்குக் கிளம்பிவிடும். சக்கரபாணி சாப்பிடப் போயிருந்தார். விலாச நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் ஓடினாள்.

தபால் பிரிக்கும் இடத்தில் சுப்பிரமணியன் என்ற அதிகாரி இருந்தார். “அனுப்பினவங்க எழுதிக் கேட்டாத்தாம்மா தேட முடியும். நீங்க யாரு?”

“கம்பெனிதாங்க” என்று சொல்லி, கார்டுகளைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். கம்பெனி பெயரில் அவள் கையெழுத்துப் போட்டது அதுவே முதல் தடவை.

கட்டுகளைப் பிரித்து, நோட்டை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். எல்லாம் கிடைத்தன, ஒன்றைத் தவிர. கனகசெட்டிக்குளம் மணியம்மாள். வடக்கே போகும் பை முன்னமே கிளம்பிவிட்டிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கி, பேரைச் சொல்லி விசாரித்தாள். மணியம்மாள் கடற்கரையில் கூடைக்கு மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி அவள் கணவன் வலை பார்த்துக்கொண்டிருந்தான். வேம்பு மீன் வாங்குவதுபோலக் குனிந்தாள்.

“சூரணக் கம்பெனியிலேருந்து வரேன். இன்னிக்கி ஒரு கார்டு வரும். அவரு பாக்கறதுக்குள்ள வாங்கிடுங்க.”

மணியம்மாளின் கை நின்றது. “ஒரே ஒருவாட்டி வாங்குனேன். அதுக்கு இன்னும் என்னாத்துக்குத் தொரத்துறீங்க?”

“இன்னா வெலைக்குக் கேக்கறாங்க?” என்றான் கணவன்.

“கட்டாதாம்” என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். வேம்பு தூரத்திலேயே நின்றாள். வெகுநேரம் கழித்துத் தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். மணியம்மாள் எதையோ வாங்கி இடுப்பில் செருகினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“என் பேர்ல கையெழுத்துப் போட நீ யாரு?” சக்கரபாணி அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவள் டிபன் பாக்ஸை எடுக்கும்போது செல்வாம்பாளின் கணவன் முருகையன் வாசலில் வந்து நின்றான். அன்று குடித்திருக்கவில்லை. “என் சோத்துல என்னக் கேக்காம என்னாத்தக் கலந்தீங்க?” சக்கரபாணி உள்ளறைக்குப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து வேம்புவுக்குத் தையல் மிஷின் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. மிஷின் வாங்குகிறவர்களிடம், “புது சாமான் வந்தா எழுதட்டுமா? கார்டா, கவரா?” என்று கேட்டுத்தான் விலாசம் குறிப்பாள். வேண்டாம் என்றால் நோட்டை மூடிவிடுவாள். முதலாளி முணுமுணுத்தாலும் தடுக்கவில்லை.

செல்வாம்பாள் கோரிமேட்டில் அண்ணன் வீட்டோடு தங்கிவிட்டாள். விரல் கோணலாகவே கூடிற்று. வேம்பு இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். முதல் தடவை அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டாம் தடவை, “இனிமே வராதம்மா” என்றாள். “உன்னப் பாத்தா எனக்குத் தூக்கம் போயிடுது.”

வேம்பு சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள். அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.