வழி: தலைமை ஆசிரியர்

கடிதம் எழுதுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. விடுப்பு, பயிற்சி, உடைந்த பெஞ்ச், எதுவானாலும் அனுப்புநர், பெறுநர், நடுவில் "வழி: தலைமை ஆசிரியர்". அந்த ஒரு வரி இல்லாமல் எந்தத் தாளும் எங்கள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டாது. தாண்டினால் எழுதியவளுக்கு மெமோ வரும்.

குலசேகரம் பக்கம் ஒரு சபைப் பள்ளி. ஏழாம் வகுப்பு என் பொறுப்பு. அதில் ஒரு பிள்ளை கடைசி மணி அடித்தாலும் வீட்டுக்குப் போகாது. போர்டைத் துடைக்கும், துடைத்த போர்டையே திரும்பவும் துடைக்கும். அப்பா கல்ஃபில். அம்மா முந்திரி ஆலையிலிருந்து வர ஆறரை ஆகும். ஒரு நாள் கேட்டேன்.

"ஏட்டி, வீட்டுக்குப் போவாம இங்க என்ன செய்ய?"

"அம்மை வந்த பொறவு போறேன் டீச்சர். சித்தப்பா மட்டும் இருக்கும்போ போவ மாட்டேன்."

பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புரியாமல் இருக்க நான் மடச்சி இல்லை. போன மாதம்தான் நாகர்கோவிலில் வடை, டீயோடு பிள்ளைகள் பாதுகாப்பு பற்றி ஒரு நாள் பயிற்சி. சந்தேகம் வந்தாலே போதும், நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை, நேரே போலீசுக்கோ குழந்தைகள் உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள், சொல்லாமல் விட்டால் அதுவே குற்றம் என்றார்கள். நானும் தலையாட்டிக் குறிப்பெடுத்தேன்.

அப்புறம் என்ன செய்தேன்? கடிதம் எழுதினேன். பெறுநர், காவல் ஆய்வாளர். அடுத்த வரியில் கை தன்னால் போய் "வழி: தலைமை ஆசிரியர்" என்று எழுதியது. கை மேல் பழி போடுகிறேன் பாருங்கள். பயம்தான். பாதிப் பொறுப்பு இன்னொருத்தர் தலைக்குப் போய்விடும் என்ற கள்ளத்தனமும்தான்.

தலைமை ஆசிரியை வாசித்துவிட்டு அதை மேசை இழுப்பறையில் வைத்தார்.

"மக்களே, பொம்பளப் பிள்ள காரியமாக்கும். எடுத்துச்சாடிப் பேரக் கெடுக்கப்பிடாது. வீட்டு ஆளக் கூப்பிட்டு நான் விசாரிக்கேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கும் நாக்கூசுகிறது. அன்று மீன்குழம்பை ருசித்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் வந்த வீட்டு ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தச் சித்தப்பாவேதான். தலைமை ஆசிரியை என் கடிதத்தை எடுத்து அவனுக்கே வாசித்துக் காட்டினாராம். அதற்கடுத்த நாள் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றான். வகுப்பாசிரியை என்பதால் நான்தான் நிரப்ப வேண்டும். நடத்தை என்ற இடத்தில் "நன்று" என்று எழுதிக் கொடுத்தேன்.

அவன் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை பையோடு வராந்தாவில் நின்றது. கிட்டே போய், "நான் சொன்னேன் மக்களே" என்றேன். எதற்குச் சொன்னேனோ, என்னை ஆறுதல்படுத்தவா அந்தப் பிள்ளை?

அவள் அழவில்லை. "ஆருட்ட டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் பிள்ளையைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அந்த உதவி எண்ணுக்கு அடித்தேன். ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சாயங்காலம் அவர்கள் அனுப்பிய ஆட்கள் போனபோது பிள்ளையின் வீட்டில் பூட்டு தொங்கியது. தாயையும் பிள்ளையையும் கேரளத்துக்குக் கூட்டிப் போய்விட்டான் என்றார்கள் அக்கம்பக்கத்தார். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.