மூன்றாவது வண்டியும் என் தங்கை புருஷனும்

எங்கள் ஊரில் யார் குழி தோண்டினாலும் கூட்டம் கூடிவிடும். சாக்கடைக்குத் தோண்டினாலும் சரி, கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டினாலும் சரி, நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். எல்லாம் அந்த மூன்றாவது வண்டிக்காகத்தான். எந்தக் காலத்திலோ ஒரு சண்டையில் ஊர் எரிந்தபோது, கஜானாவை மூன்று வண்டிகளில் ஏற்றிக்கொண்டு காவலர்கள் ஓடினார்களாம். இரண்டு வண்டிகள் ஆற்றங்கரையில் பிடிபட்டன. மூன்றாவது ஊர் எல்லையைத் தாண்டவே இல்லை, இன்றுவரை கிடைக்கவும் இல்லை. அதில் இருந்தது தங்கக் கட்டி என்பார்கள் சிலர், கிரீடம் என்பார்கள் சிலர். வண்டியை இழுத்த மாடுகள் எங்கே போயின என்று நான் கேட்டால் மட்டும் ஒருவருக்கும் பதில் தெரியாது.

என் தங்கை புருஷன் மண் தோண்டும் பொக்லைன் மெஷின் ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அமுக்குணி. முகத்துக்கு நேரே சொன்னதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கு என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி தலையாட்டுவார். வாயே திறக்காத ஆம்பளையை எனக்கு நம்பப் பிடிக்காது. என் தங்கை நேர் எதிர். அவர் பேசாததையெல்லாம் அவளே நல்லவிதமாக அர்த்தம் பண்ணிக்கொள்வாள். "அவரு மனசுல ஒண்ணும் இல்லக்கா, அதான் பேச்சும் இல்ல" என்பாள். அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே வீடுதான். முன்னறையில் என் தையல் கடை, பின்னால் இரண்டு அறைகளில் அவர்கள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஊசி விழுந்தாலும் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

ஒரு துணிக்கடைக்காரர் பழைய கிடங்கை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்ட ஆரம்பித்தார். கடைக்கால் தோண்டப் போனது என் தங்கை புருஷன். வண்டி அந்தக் கிடங்குக்குக் கீழேதான் கிடக்கிறது என்று பாதி ஊர் சொல்லிக்கொண்டிருந்ததால் வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம். மத்தியானம் பொக்லைனின் பக்கெட் எதிலோ மோதி 'டங்'கென்று சத்தம் கேட்டது. இவர் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கினார். குழிக்குள் குனிந்து எதையோ எடுத்து, தோளில் கிடந்த துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து சீட்டுக்கடியில் வைத்தார். என்னப்பா அது என்று மேலேயிருந்து யாரோ கேட்டதற்குக் கல்லு என்று சொல்லிவிட்டு மறுபடியும் தோண்ட ஆரம்பித்தார்.

கல்லைத் துண்டில் சுற்றி எடுத்துவைக்கிறவனை நான் பார்த்ததில்லை. ஊரும் பார்த்ததில்லை.

சாயங்காலத்துக்குள் சேதிக்குக் கை கால் முளைத்துவிட்டது. என்னங்க எடுத்தீங்க என்று தங்கை கேட்டது எனக்குக் கேட்டது. அவளுக்கும் அதே கல்லு என்ற பதில்தான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, மனுஷர் அந்த வாரம் பார்த்துப் புதுச் செருப்பு வாங்கினார். பழசு அறுந்துபோனது எனக்கே தெரியும். ஆனாலும் அந்தச் செருப்பைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு மூக்கில் வியர்த்தது. மளிகைக் கடைக்காரர் எழுந்து நின்று அவருக்கு வணக்கம் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த ஆள் யாருக்கும் எழுந்து நின்றதில்லை.

ஒருநாள் அவர் வேலைக்குப் போனபிறகு தங்கை ஒரு தலையணையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். ஏற்கெனவே அரிசி டின்னைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டாளாம், பரணையும் பார்த்துவிட்டாளாம். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, இதைப் பிரிச்சுப் பாத்துட்டு பழையபடியே தைச்சுக் குடுக்கிறியா? அவருக்குத் தெரியக் கூடாது."

பிரித்தேன். பஞ்சுக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினேன். பஞ்சுதான் இருந்தது. பழைய தையல் எப்படி இருந்ததோ அப்படியே தைத்தும் கொடுத்தேன். தங்கைக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவளோ, இங்கே இல்லையென்றால் வேறு எங்கே வைத்திருப்பார் என்று கேட்டாள்.

கடைசியில் துணிக்கடைக்காரர் இரண்டு ஆட்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார். என் நிலத்தில் கிடைத்தது எனக்குத்தான் என்று அவர் ஆரம்பித்ததும், இவர் எழுந்து மெஷின் நிற்கிற இடத்துக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அந்தத் துண்டு மூட்டை. தரையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு முழ நீளத்துக்குக்கூட இல்லாத ஓர் இரும்புத் துண்டு, நுனி உடைந்து கிடந்தது. பக்கெட்டின் முனையில் மண்ணைக் கீறுமே, அந்தப் பல்.

அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தைகளை ஒரேயடியாகக் கேட்டேன். பாறையில் மோதிப் பல் உடைந்துவிட்டது. போன மாதமும் ஒன்று உடைந்திருக்கிறது. இன்னொன்று போனால் சாவியை வைத்துவிட்டுப் போய்விடு என்று மெஷின் முதலாளி சொல்லியிருக்கிறார். அதனால் உடைந்ததை ஒளித்துவைத்துவிட்டு, தெரிந்த டிரைவர் ஒருவரிடம் பழைய பல் ஒன்றை வாங்கி, காதும் காதும் வைத்த மாதிரி மாட்டியிருக்கிறார்.

"வீட்லயாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"முதலாளி வீட்டம்மா உங்ககிட்டதானே துணி தைக்கிறாங்க?" என்று பலகைத் தடுப்பைக் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது.

துணிக்கடைக்காரர் நம்பவில்லை. காயலான் கடையில் இந்த மாதிரி பல் ஆயிரம் கிடைக்கும் என்று சிரித்துவிட்டுப் போனார். விஷயம் மெஷின் முதலாளி காதுக்கும் போனது. உடைந்த பல்லைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, எனக்கு எவ்வளவு பங்கு என்றுதான் கேட்டாராம்.

ஆனால் தங்கை நம்பினாள். அவர்கள் போனபிறகு அந்தப் பல்லைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டாள். நானும் விட்டேன். அப்புறம் அவள் கேட்டாள்.

"சரிங்க, இது பல்லுதான். நிஜமாவே அந்த வண்டி கிடைச்சிருந்தா, எங்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். பலகைத் தடுப்பைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். சொல்லித் தொலையேன் மனுஷா என்று மனசு அடித்துக்கொண்டது.

"சொல்லியிருப்பேன்" என்றார் கடைசியில்.

தங்கை பல்லைக் கீழே வைத்தாள். கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம் என்றாள்.

இத்தனை வருஷம் சந்தேகப்பட்ட எனக்கு அன்றைக்குத்தான் அவர்மேல் பரிதாபம் வந்தது. பொய் சொல்லத் தெரிந்த ஆளாக இருந்தால், அவள் கேட்ட உடனே யோசிக்காமல் சொல்லியிருப்பேன் என்றிருப்பார். இதை நான் தங்கையிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவள் கேட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான். அவர் பேசாததற்கு இப்போது அவள் எந்த அர்த்தமும் சொல்வதில்லை.

அவர் எங்காவது புதிதாகக் குழி தோண்டப் போனால், மத்தியானச் சாப்பாட்டை அவளே எடுத்துக்கொண்டு போகிறாள். கையில் கேரியரோடு அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறாள். பக்கெட் எதிலாவது மோதி அவர் மெஷினை விட்டு இறங்கினால், எல்லாரையும்போல அவளும் ஓரடி முன்னால் வந்து எட்டிப் பார்க்கிறாள்.