கடைசிப் பத்து நிமிடம்

முப்பத்தோரு வருடம் வியன்னாவில் அரங்குக்கு வரும் ஊராரின் குளிர்கோட்டுகளையெல்லாம் வாங்கி மாட்டியில் தொங்கவிட்டவள் ஹெர்மினே. வாரத்தில் இரண்டு நாள் நாடக அரங்கு, இரண்டு நாள் கச்சேரி மண்டபம், மற்ற நாளெல்லாம் ஆப்பரா என்கிற பாட்டு நாடகம். கோட்டோடு அரங்குக்குள் நுழைவது இந்த ஊரில் செருப்போடு கோயிலுக்குள் போகிற மாதிரி. ஆகவே கோட்டுக்குக் குறைவில்லை, அவள் கால்வலிக்கும் குறைவில்லை.

கோட்டெல்லாம் மாட்டி முடிந்ததும் மூடிய கதவின் வெளியே நின்று பாட்டுக் கேட்பாள். ஆனால் கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் கீழே ஓடியாக வேண்டும். கைதட்டல் அடங்குவதற்குள்ளேயே ஜனம் படியிறங்கிவிடும், அவ்வளவு அவசரம் அவர்களுக்கு. அதனால் இத்தனை வருடத்தில் ஒரு ஆப்பராவின் முடிவைக்கூட அவள் காதால் கேட்டதில்லை. லீவு நாளில் போயிருக்கலாமே என்பீர்கள். வீங்கின காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் போய்ச் சொல்லுங்கள் அதை!

ஓய்வு பெற்றபோது என்ன வேண்டும் என்று கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள். கதவுக்கு வெளியே பாதியில் விட்டுவந்த அந்த நோயாளிப் பெண்ணின் ஆப்பராவை முடிவுவரை கேட்க வேண்டும், அது போதும் என்றாள். ஞாயிறு மதியக் காட்சிக்குப் பதினாலாம் வரிசையில், நட்டநடுவில், இடம் வாங்கித் தந்தார்கள்.

பழுப்புப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். தன் கோட்டைத் தானே நீட்டி, தன் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ட்ராகிட்சாவிடம் அதற்கான எண் வில்லையை வாங்கியபோது கூச்சமாக இருந்தது. அன்று கூட வேலை செய்யும் இன்னொருத்தி காய்ச்சல் என்று வரவில்லை, ட்ராகிட்சா ஒண்டியாள்.

முதல் அங்கத்தில் ஹெர்மினே அழுதாள். இரண்டாவதில் அசதியில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். மூன்றாவதில் நோயாளிப் பெண் கட்டிலில் சாய்ந்தாள், வயலின்கள் தணிந்து முனகின. கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ முறை கேட்ட இடம். அவ்வளவுதான், ஹெர்மினே எழுந்துவிட்டாள். பதினோரு ஜோடி முழங்காலைத் தாண்டினாள். பச்சை உடுப்புக்காரி ஒருத்தி உஸ்ஸென்று சீறினாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

வாசல் காவல் வென்சல் திகைத்துப்போனான். அவளோடு இருபது வருடம் அந்தக் கதவடியில் நின்றவன்.

"எங்க கிளம்பிட்ட நீ?"

"நேரமாயிருச்சே, கோட்டு எடுத்து..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். முகம் செத்துப்போயிற்று.

"அட பாவி மகளே," என்றான் வென்சல் மெதுவாக. "திரும்ப உள்ள விடக்கூடாது, அது உனக்கே தெரியும். இங்கயே நின்னு கேளு. நல்லாத்தான் கேக்கும்."

மூடிய கதவில் காதை வைத்தாள். உள்ளே அந்தப் பெண் மூச்சு வாங்கிப் பாடிக்கொண்டிருந்தாள். அப்போது கீழே தடதடவென்று கோட்டு மாட்டிகள் சரிந்து விழுந்தன. ட்ராகிட்சா தன் பாஷையில் யாரையோ சபித்தாள். முந்நூறு கோட்டு, ஒற்றை ஆள். அவள் எக்கேடோ கெடட்டும் என்று ஹெர்மினே இன்னும் இரண்டு வரி கேட்டாள். அதற்கு மேல் முடியவில்லை. தன் மேலேயே எரிச்சலோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

விழுந்த கோட்டுகளை எண் வரிசைப்படி எடுத்து மாட்டி முடிக்கவும் கூட்டம் வந்து மோதவும் சரியாக இருந்தது. பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு எடுத்து எடுத்துக் கொடுத்தாள். நாற்பதாவது ஆளோ ஐம்பதாவது ஆளோ, அந்தப் பச்சை உடுப்புக்காரி வந்து வில்லையை வைத்தாள். நிமிர்ந்து பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீங்கதான அது? உசிரு போற நேரத்துல எங்க முட்டியெல்லாம் மிதிச்சிட்டு ஓடுனீங்களே, அப்படி என்னங்க தலபோற அவசரம்?"

ஹெர்மினே அவளுடைய கோட்டை விரித்துப் பிடித்தாள்.

"இதுக்குத்தாம்மா," என்றாள்.