தப்பான விடைக்கு மார்க் போடாதவர்

போன வியாழக்கிழமை காலை, நல்லூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது செய்தி வந்தது. ஸ்டெல்லா மேடம் போய்விட்டார், மாரடைப்பு. பின்னாலேயே எங்கள் தேர்வு வாரியத்தின் இரங்கலும் வந்தது. ‘தேர்வின் தரத்துக்குத் தூணாக நின்றவர்’ என்று போட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

பின்னலாடை இயந்திரங்களின் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டைப் பழுது பார்ப்பவர்களுக்கான சான்றிதழ்த் தேர்வுக்கு அவரும் நானும்தான் கேள்வி தயாரித்தோம். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து அருள்புரத்தில் குடியேறியவர். எந்தக் கேள்வியைக் கொடுத்தாலும் ஒன்றைத்தான் கேட்பார்: “இதுக்குத் தப்பா பதில் சொன்னா கம்பெனில என்ன சார் கெட்டுப்போகும்?” ஏதோ ஒரு சுருக்கெழுத்தின் விரிவாக்கத்தை ஒருமுறை கேள்வியாக்கியிருந்தேன். ஒன்றும் கெட்டுப்போகாது என்றேன். “அப்ப எதுக்கு?” என்று ஒரே கோடாக அடித்துவிட்டார்.

சென்ற தேர்வில் ஒரு கேள்வி: மின்பெட்டியைத் திறக்குமுன் என்ன செய்ய வேண்டும்? மின்சாரத்தை நிறுத்த வேண்டும். முதல் வரைவின் விடைக்குறிப்பில், விடையின் எண் தட்டச்சில் மாறிப்போனதால், ‘திரையில் ரீசெட் கொடுக்க வேண்டும்’ என்ற தப்பான விடை சரியென்று வந்திருந்தது. மேடம் உடனே திருத்தினார். ஆனால் தேர்வில் ஒரே பயிற்சி மையத்தின் ஆட்கள் அத்தனை பேரும் ரீசெட்டையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். பழைய வரைவு வெளியே போயிருக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

தேர்வை ரத்து செய்யச் சொன்னார் மேடம். வாரியத் தலைவர் சிரித்தார். “ஏனுங்க மேடம், மறுபடி வெச்சா பாஸ் பர்சன்டேஜ் உழுந்துருமுங்க. ரீசெட்டையே சரின்னு வெச்சுக்கலாமுங்க. ஒரு மார்க்குதானுங்களே?”

“ஒரு மார்க்குதான்னு கரண்டுக்குத் தெரியுமா சார்?”

தேர்வு முடிவுத் தாளில் மேடம் கையெழுத்துப் போடவில்லை. அது இல்லாமலேயே முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சான்றிதழோடு இன்று எத்தனையோ பேர் மின்பெட்டியைத் திறந்துகொண்டிருக்கிறார்கள்.

நேற்று இரங்கல் கூட்டம். படத்துக்கு மாலை போட்டுவிட்டு வந்த தலைவர் என் காதில், “மேடத்தோட எடத்துக்கு நீங்க வரோணுங்க. கேள்வியெல்லாம் போன தடவ மாதிரியே இருக்கட்டுங்க” என்றார். மாலையின் ஈரம்கூட அவர் கையில் காயவில்லை. என்ன மனுஷன்!

மைக்கை வாங்கினேன். அந்தக் கேள்வியைப் படித்தேன். வாரியம் மார்க் போட்ட விடையையும் படித்தேன். “இதுக்குத் தப்பா பதில் சொன்னா என்னங்க கெட்டுப்போகும்?” என்று கூட்டத்தைக் கேட்டேன்.

“உசுரே போயிருமுங்க” என்றார் பின்வரிசையில் ஒரு மெக்கானிக். தலைவர் தரையைப் பார்த்தார்.

மேடத்தின் நாற்காலிக்கு வருகிறேன், தலைவரே. அவருடைய அந்த ஒரு கேள்வியையும் கூடவே கொண்டு வருகிறேன். ஒவ்வொரு தேர்விலும் அதற்குப் பதில் வரும்வரை, அவரிடம் கிடைக்காத கையெழுத்து என்னிடமும் கிடைக்காது.