வயது நிறையும் வரை

கட்டைச் செருப்பு சிமெண்டுத் தரையில் விழும் சத்தம்: டக், டக், கொஞ்சம் தயங்கி இன்னொரு டக். அஞ்சலை வந்துவிட்டாள், இன்று முதல் தேதி என்று அர்த்தம். நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் வாங்கிக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்த என்னைப் பணம் கட்ட வருகிறவரும் முறைப்பார், வாங்க வருகிறவரும் முறைப்பார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அஞ்சலை காஜா பெராங்கில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தாள். துணி தேய்த்துக் கொடுப்பாள். புருஷன் சிங்காரம் லாரி ஓட்டுநர். தெங்கேராவில் வேறு குடும்பத்தோடு இருந்தார். மகள் கமலாவுக்கு இருபத்தொரு வயது நிறையும் வரை மாதம் முப்பது வெள்ளி கட்டவேண்டும் என்று உத்தரவு. கமலா ஆசிரியர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். முடிக்க இரண்டு வருஷம் பாக்கி. முப்பது வெள்ளி நின்றால் படிப்பும் நிற்கும். என் அம்மாவுக்கு இப்படி ஒரு ஜன்னல் இருந்ததில்லை.

நடக்கிற வயது

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஐந்தாவது வருஷம் அது. வருஷத் தொடக்கத்திலேயே சிங்காரம் வெறுங்கையோடு வந்து, மகளுக்கு இருபத்தொன்று நடக்கிறது, கணக்கு முடிந்தது என்றார். நடப்பது வேறு, நிறைவது வேறு. பிறந்தநாள் வந்தால்தான் நிறையும் என்று எடுத்துச் சொன்னேன். நம் ஆட்கள் யாரிடம் கேட்டாலும் நடக்கிற வயதைத்தானே சொல்கிறோம் என்று வெகுநேரம் வாதாடினார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பணத்தை எடுத்தார்.

“வீட்டுல ஒரு வயசு, கோர்ட்டுல ஒரு வயசா, கிராணியம்மா? நீங்க எந்த வயசுல இருக்கீங்க?”

மரவள்ளிக் கிழங்கு

மகள் பிறந்த மாதமான ஆவணி கழிந்ததும் சிங்காரம் மனுவே போட்டுவிட்டார். மகள் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே பிறந்தவள், இருபத்தொன்று நிறைந்துவிட்டது என்று மனு சொன்னது. பிறப்புப் பத்திரம் கிடையாது. அவள் பிறந்த ரப்பர் தோட்டத்து ஆபீஸோடு பதிவேடும் எரிந்துபோயிற்று.

அஞ்சலையிடம் எந்த வருஷம் என்று கேட்டேன். அவளுக்கு வருஷம் தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். உள்ளங்கை, இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பிடித்துக் காய்த்திருந்தது.

“வருசம் எனக்கு எங்க தெரியும்மா? சோத்தையே கண்ணுல பாக்காம, மரவள்ளிக் கிழங்கைத் தின்னுதான் அவளப் பெத்தேன். அதை எழுதிக்குங்க.”

சாட்சி

விசாரணைக்குச் சிங்காரம் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். கூடவே ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர். தான் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பொறுப்பான தகப்பன், பெண்ணும் வயது நிறைந்தவள் என்று காட்டுவதற்காக, சம்பந்தி ஆகப்போகிறவரையே சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார். கமலாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

கடைக்காரர் நேர்மையான மனிதர். சம்பந்தம் பேசியது உண்மைதானா என்று மாஜிஸ்திரேட் கேட்டதும், ஆதாரம் இருக்கிறது என்று சிங்காரம் கொடுத்திருந்த, மஞ்சள் தடவிய பெண்ணின் ஜாதகத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதைப் படித்து மொழிபெயர்க்கும் வேலை என்னுடையது. சுபானு வருஷம், ஆவணி மாதம். விரல்விட்டு எண்ணினேன்; மறுபடியும் எண்ணினேன். அரிசி கிடைக்காமல் ஊரே மரவள்ளி தின்ற ஜப்பான்காரன் காலத்து நடுவில் விழுந்தது. நிறைந்திருந்தது பத்தொன்பதுதான்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணின் வயதை ஒன்றிரண்டு குறைத்து எழுதுவது நம்மிடம் யாரும் குற்றமாக நினைக்காத வழக்கம். அந்தக் காகிதம் நீதிமன்றத்துக்குள் நடந்து வரும் என்றுதான் சிங்காரம் நினைக்கவில்லை. எது சரி என்று மாஜிஸ்திரேட் கேட்டார். கடைக்காரரும் திரும்பிப் பார்த்தார். சிங்காரம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஜாதகம்தான் சரி என்றார். உத்தரவு இன்னும் இரண்டு வருஷம் நீண்டது. அஞ்சலை அழவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு, தயங்காமல் நடந்து போனாள்.

பல தலைமுறையாக மலாய் பேசிவரும் தமிழர்கள் வாழும் கம்போங் செட்டிக்காரரான எங்கள் பியூனுக்குப் பெயரில் பிள்ளை உண்டு, வாயில் தமிழ் கிடையாது. நடந்ததை மலாயில் சொன்னேன். நெற்றித் திருநீறு உதிரச் சிரித்துவிட்டு அவர் மலாயில் சொன்னது இது:

“இனிமேல் மனு போட வருகிற அப்பாக்களை முதலில் ஜோசியரிடம் அனுப்புங்கள், அக்கா.”

கடைசி ரசீது

அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. கமலா பயிற்சியை முடித்து வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். கடைசி முப்பது வெள்ளி கட்டவேண்டிய அன்று, தேய்த்த வாயல் புடவையில் அம்மாவோடு வந்து நின்றாள். சிங்காரம் பணத்தைத் தள்ளினார். நான் முத்திரை குத்தி ரசீது கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். ஆனால் ஜன்னலை விட்டு நகரவில்லை. பதினைந்து வருஷமாக மாதா மாதம் வந்த இடம். இனிமேல் வரவேண்டியதில்லையே என்று என்னிடம் கேட்டார். கண் மட்டும் மகள் பக்கம் இருந்தது.

கமலாதான் பதில் சொன்னாள்.

“வரணும்னா வீட்டுக்கு வாங்கப்பா. ஆனா அங்க ரசீது கெடைக்காது.”

எது உண்மையான வயது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தீர்ப்பில் எழுதிய வயதே அவள் அரசாங்கப் பதிவிலும் ஏறியதால், கமலா தலைமையாசிரியையாகி, அப்பா சொன்ன கணக்கைவிட இரண்டு வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்கிவிட்டுத்தான் ஓய்வு பெற்றாள்.