ஃப்ளெக்ஸில் விட்டுப்போன முகம்

அன்புச்செல்வியின் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று திருவண்ணாமலையில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கிற எனக்கே தெரியும். அத்தனை முறை என் கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். வாயுவில் சூடேறிய மூலக்கூறுகள் உள்ளுக்குள் அதிர்ந்துகொண்டே இருக்குமாம். பக்கத்து மூலக்கூறுகளோடு மோதி மோதித்தான் அந்தச் சக்தியை இழக்குமாம்.

“ஒரு இடியில அடங்கிடாது கோபி அண்ணே. ஆயிரக்கணக்குல இடி வாங்கினாலும் சிலது ஆடிக்கிட்டேதான் இருக்கும். கொஞ்சம் நீராவி கலந்துட்டா மட்டும் சீக்கிரம் அடங்கிடும்,” என்பாள். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் ஆதிமூலம் மாமாவின் மகள். சொந்தமில்லை, பழக்கத்தில்தான் அவர் எனக்கு மாமா. ஆய்வேட்டைக் கொடுத்தாகிவிட்டது, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் முனைவர். அப்போதுதான் ஒரு கல்லூரியில் காலியாகியிருந்த ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். தேதி வாங்கித்தர வேண்டியவர் அவளுடைய கைடு, அதாவது ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர்.

மாமாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. “முனைவர் அன்புச்செல்வின்னு பெருசா போடு கோபி, ஊரே பாக்கணும்,” என்று வந்து நின்றார். நடுவில் மகள், மேலே குலதெய்வம், சுற்றிலும் மாமன் மச்சான், பால் சங்கச் செயலாளர். கைக்குழந்தைக்குக்கூட ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். கைடு படம் மட்டும் இல்லை. யாருக்குமே தோன்றவில்லை.

அந்த மனுஷன் ஏதோ கல்யாணத்துக்குப் போகிற வழியில் அதைப் பார்த்துத் தொலைத்தார். தேர்வுக்கு முன்னாலேயே பட்டமா என்று கேட்டிருந்தால் நியாயம். அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டது, “இதுல நான் எங்கம்மா?”

அவ்வளவுதான். வெளித் தேர்வாளருக்கு உடம்பு சரியில்லை, அரங்கம் காலியில்லை என்று தேதி தள்ளிக்கொண்டே போனது. அவள் போய்ப் போய்த் துறை வாசலில் நின்றாள். மாமா பழத்தட்டோடு போய், “தப்பு என்னோடதுங்க சார், பொண்ண தண்டிக்காதீங்க,” என்று கும்பிட்டார்.

“அய்யய்யோ, நான் மனசுலயே வச்சுக்கல பெரியவரே!” என்று சொல்லிப் பழத்தை வாங்கி வைத்துக்கொண்டார். நல்லா இருக்கட்டும் மகராசன்!

அன்புச்செல்வி கடைக்கு வந்து இதைச் சொன்னதும், “மேல புகார் குடுத்துடு,” என்று கத்தினேன்.

“குடுத்துட்டு? நாளைக்கு எந்த வேலைக்குப் போனாலும் அவரைத்தாண்ணே விசாரிப்பாங்க,” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் போனது. வேலையும் போனது. அதற்கடுத்த வாரமே ஐயா தேதி வாங்கித் தந்தார். வைவாவில் தன் மூலக்கூறுகளைப் பற்றிப் பேசினாள், கை தட்டினார்கள். பெரிய சால்வை கைடுக்குத்தான்.

மறுநாள் அவருடைய மாணவர்கள் கேட்ட ஃப்ளெக்ஸையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன், என் பிழைப்பு அப்படி. கல்லூரி வாசலில் கட்டினார்கள். மாமா பஸ் பிடித்து வந்து, மகள் பக்கத்தில் அண்ணாந்து நின்றார். ஃப்ளெக்ஸ் முழுக்கக் கைடு சிரித்துக்கொண்டிருந்தார். ‘மேலும் ஒரு முனைவரை உருவாக்கிய எங்கள் ஐயாவை வணங்குகிறோம்.’

“உன் படம் எங்கம்மா?”

“படம் இல்லப்பா. பேரு இருக்குது.” கீழே, வணங்குகிறவர்களின் வரிசையில் கடைசிப் பெயரைக் காட்டினாள். “நான்தான் போடச் சொன்னேன்.”